செய்து பார்த்துப் பறக்கவிடுவோம்

(சேலம் அம்மாபேட்டையில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில், தொடக்கப்பள்ளி மற்றும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் இருக்கும் அட்டைப் பெட்டிக்குள் ஒரு விமானம் இருக்கிறது. திறந்து பார்த்தால் விமானம் தெரியாது. மெல்லிய மரத்தகடுகள், குச்சிகள், கொஞ்சம் கம்பி, மடித்து வைத்த பெரிய வரைபடம் ஒன்று, அவ்வளவுதான். இதைத்தான் மாதிரி விமான 'கிட்' என்கிறோம். மரத்தில் உடலும் இறக்கையும் செய்து, மோட்டாரும் ரேடியோக் கருவியும் பொருத்தினால், தரையில் நின்றபடியே கையில் உள்ள டிரான்ஸ்மிட்டரால் இயக்கலாம். கடையில் முழுதாகச் செய்யப்பட்ட விமானமும் கிடைக்கிறது. வாங்கிய அன்றே பறக்கவிடலாம். அப்படியிருக்க, இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்து மரத்தை ஒட்ட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கான பதில்தான் என் பேச்சு.

வரைபடத்திலிருந்து தொடங்குவோம். கிட்டில் வரும் வரைபடம் பெரும்பாலும் உண்மை அளவிலேயே இருக்கும். அதைச் சமமான பலகையின் மேல் விரித்து, அதன் மேல் கண்ணாடித்தாளைப் பரப்பி, மரத்துண்டுகளைக் கோட்டின் மேலேயே வைத்து, குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். பக்கத் தோற்றம், மேல் தோற்றம், முன் தோற்றம் என ஒரே பொருள் மூன்று விதமாக வரையப்பட்டிருக்கும். காகிதத்தில் தட்டையாக இருப்பதை மனத்தில் முப்பரிமாணமாக எழுப்பிப் பார்ப்பது பல மாணவர்களுக்குச் சிரமம். ஆனால் நம் அம்மாபேட்டைப் பிள்ளைகள் பலருக்கு இது வீட்டில் பழகிய வேலை. சேலையின் கரையில் வரப்போகும் மாங்காயும் அன்னமும் முதலில் கட்டத்தாளில் புள்ளிகளாக இருக்கும். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளையிடுவார்கள். அட்டை தறியில் ஏறும்போது புள்ளி பூவாகிறது. காகிதத்தில் உள்ளதைப் பொருளாக மாற்றும் இந்தத் திறமையைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். அதை வெளியே எடுக்க வகுப்பறையில் நாம் எத்தனை முறை இடம் கொடுத்திருக்கிறோம்?

அடுத்து மரம். கிட்டில் இருப்பது பெரும்பாலும் பால்சா. தென் அமெரிக்காவில், குறிப்பாக ஈக்வடாரில், மிக வேகமாக வளரும் மரம். தாவரவியல் வகைப்பாட்டின்படி இது வன்மரப் பிரிவில் வருகிறது என்று சொன்னால் மாணவர்கள் நம்பமாட்டார்கள், ஏனென்றால் நகத்தால் அழுத்தினாலே குழி விழும். சராசரியாக ஒரு கன சென்டிமீட்டர் பால்சாவின் எடை சுமார் 0.16 கிராம். தேக்கு சுமார் 0.65 கிராம். 100 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள தகட்டின் கன அளவு 300 கன செ.மீ. பால்சாவில் அது 48 கிராம், தேக்கில் 195 கிராம். அடர்த்தி பாடம் நடத்தும்போது நிறையைக் கன அளவால் வகுக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். மாணவர் ஒரு கையில் பால்சாத் துண்டையும் இன்னொரு கையில் அதே அளவு தேக்குத் துண்டையும் வைத்துக்கொண்டால், அந்தச் சூத்திரத்தின் பொருளைக் கை உடனே சொல்லிவிடும். இதை வெறும் விளையாட்டு மரம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் 'மஸ்கிட்டோ' விமானத்தின் உடற்பகுதி, இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டது. மேசை நாற்காலி செய்த தச்சர்கள் பலர் அதில் வேலை செய்தார்கள்.

இறக்கை கட்டும்போது கணக்கு தானாக வந்து நிற்கும். பள்ளிக்கு ஏற்ற ஒரு பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் மொத்த நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. ஒரு பக்க இறக்கை 60 செ.மீ. அதில் 6 செ.மீ. இடைவெளியில் விலா எலும்பு போன்ற மரத்துண்டுகளை நிறுத்த வேண்டும். எத்தனை துண்டுகள் தேவை என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பெரும்பாலோர் 10 என்பார்கள். ஒட்டத் தொடங்கினால் ஒன்று குறையும். இடைவெளிதான் 10, துண்டுகள் 11. வேலிக்கால் கணக்கு என்று நாம் சொல்லித் தருவது இதுதான். தாளில் தவறாக எழுதினால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும், அதோடு முடிந்தது. இங்கே கையில் ஒரு துண்டு குறைகிறது, இறக்கை முடியாமல் நிற்கிறது. நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி விமானத்தின் இறக்கைகள் இரண்டும் நுனியில் சற்று மேலே தூக்கியிருக்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கமாகச் சறுக்கும்போது, தாழ்ந்த இறக்கைக்குக் காற்று கூடுதல் கோணத்தில் கிடைத்து அது மேலே தூக்கப்படும். அதனால் விமானம் தானாகவே நிமிரப் பார்க்கும். ஒவ்வொரு பக்கமும் 5 பாகை தூக்க வேண்டும் என்று வரைபடம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு இறக்கையை மேசையில் தட்டையாக வைத்தால், மற்றொன்றின் நுனி 10 பாகை உயர வேண்டும். அந்த நுனிக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டையை வைப்பது? 60-ஐ சைன் 10 பாகையால், அதாவது 0.1736-ஆல் பெருக்கினால் சுமார் 10.4 செ.மீ. முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் கையில் ஒரு கட்டையைக் கொடுத்து, 'எவ்வளவு உயரம் வெட்டணும், நீயே சொல்லு' என்று கேட்டுப் பாருங்கள்.

இறக்கையின் எலும்புக்கூடு முடிந்தபின் அதன் மேல் மெல்லிய உறையை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிச் சுருக்கி இறுக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். நான் உடனிருந்து வழிநடத்திய ஒரு குழுவில் அவர் இருந்தார். வீட்டில் தறி ஓடுகிறது. பள்ளிப் பதிவேட்டில் அவர் 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் இருந்தார். உறை ஒட்டி முடித்த இறக்கையைப் பலகையில் வைத்தபோது ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. நன்றாக மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் மரம் வளைந்துவிட்டது என்றார்கள், பசை சரியில்லை என்றார்கள். இந்த மாணவி இறக்கையைக் கையில் எடுத்து, மேற்புறமும் கீழ்ப்புறமும் விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். 'மேல் பக்கம் ஜாஸ்தி இழுத்திருக்குங்க சார். கீழ தளர்வா இருக்கு. அதான் முறுக்கிக்கிச்சு' என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். 'பாவுல ஒரு பக்கம் இழுத்தா துணி இப்படித்தானுங்க வரும்' என்றார்.

பாவடியில் பாவு போடுவதைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். நூறு நூறாக நூல்கள் நீட்டிக் கட்டப்பட்டிருக்கும். எல்லாம் ஒரே இழுவையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் தறியில் துணி கோணும். அதைத் தட்டிப் பார்த்துச் சொல்லப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். அந்த மாணவி சொன்னதுதான் சரி. இறக்கையை எதிர்ப்புறமாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, தளர்ந்த பக்கத்தை மறுபடி சூடேற்றினோம். இறக்கை பலகையில் தட்டையாக உட்கார்ந்தது. அந்த முறுக்கோடு பறக்கவிட்டிருந்தால் விமானம் எழுந்த உடனேயே ஒரு பக்கம் சுருண்டு விழுந்திருக்கும்.

ஆசிரியர்களே, அந்த மாணவியின் கையில் இருந்தது விசை பற்றிய அறிவு. இழுவிசை சமமாக இல்லாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்பது இயற்பியல். அதை எழுதத் தெரியாததால் பட்டியலில் பின்னால் இருந்தார். எழுத வைப்பது நம் வேலை, அதில் மாற்றமில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது இன்னதென்று நாம் தெரிந்துகொண்டால்தானே அங்கிருந்து எழுத்துக்கு அழைத்துவர முடியும்? அதன்பின் நடந்த வகுப்பில் 'இழுவிசை' என்ற சொல்லை அந்தக் குழுவுக்குக் கொடுத்தபோது, அதை முதலில் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொன்னவர் அவர்தான்.

இனி ரேடியோ. டிரான்ஸ்மிட்டரில் உள்ள குச்சியை அசைத்தால், அந்த அசைவு எண்களாக மாறி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் செல்கிறது. விமானத்தில் உள்ள ரிசீவர் அதை வாங்கி, செர்வோ என்னும் சிறு மோட்டார்களுக்குச் சொல்கிறது. செர்வோ எவ்வளவு திரும்ப வேண்டுமோ அவ்வளவு மட்டும் திரும்பி நிற்கும். தொடக்கநிலைக்கு மூன்று கட்டளைகள் போதும்: மோட்டாரின் வேகம், வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர், இடமும் வலமும் அசையும் ரடர். கம்பியில்லாமல் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்கலாம் என்று 1898-லேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது என்ற ஜக்கார்டு அட்டையின் 'உண்டு, இல்லை' மொழிதான், வேறு உருவில், ரேடியோவின் எண்மொழியிலும் இருக்கிறது. இந்த ஒப்பீட்டைச் சொன்னால் அம்மாபேட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கம் பாதியாகக் குறையும்.

பறப்பதற்கு முன் எடைச் சமநிலை பார்க்க வேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள இடத்தில் ஈர்ப்பு மையம் இருக்க வேண்டும். நம் விமானத்தில் அது 5 முதல் 6.5 செ.மீ.க்குள். இறக்கையின் அடியில் அந்த இடத்தில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் ஆபத்து. விமானத்தின் எடை 720 கிராம், ஈர்ப்பு மையம் 1 செ.மீ. பின்தள்ளி இருக்கிறது, பேட்டரி 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியை எவ்வளவு முன்னே நகர்த்த வேண்டும்? 720-ஐ 1-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 4.8 செ.மீ. பத்தாம் வகுப்புத் திருப்புத்திறன் தத்துவம் இதுதான். நகர்த்தி வைத்து மறுபடி விரலில் தூக்கிப் பார்த்தால் விடை சரியா தவறா என்பது அங்கேயே தெரியும்.

விமானம் ஏன் மேலெழுகிறது என்பதை விளக்கும்போது ஒரு எச்சரிக்கை. இறக்கையின் மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும், அதனால்தான் மேல்காற்று வேகமாகப் போகிறது என்று ஒரு விளக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. அப்படிச் சந்திக்க வேண்டிய கட்டாயம் எதுவும் காற்றுக்கு இல்லை. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. அதே நேரத்தில் இறக்கையின் மேற்புறம் அழுத்தம் குறைவாகவும் கீழ்ப்புறம் கூடுதலாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள். தட்டையான காகித விமானமும் பறக்கிறதே என்று ஒரு மாணவர் கேட்டால், அவரைப் பாராட்டுங்கள், சரியான கேள்வி அது.

முதல் பறத்தலுக்கு நிதானம் வேண்டும். மேசையில் மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிட வேண்டும். லித்தியம் பாலிமர் பேட்டரியை ஆசிரியர் முன்னிலையில், அதற்குரிய சார்ஜரில் மட்டுமே மின்னேற்ற வேண்டும். உப்பிய பேட்டரியைத் தொடவே விடாதீர்கள். கத்தி பிடிக்கும்போதும் சூப்பர் பசை ஒட்டும்போதும் கண்ணாடி அணிவதும், சன்னலைத் திறந்து வைப்பதும் கட்டாயம். முதலில் மோட்டார் இல்லாமல் புல்வெளியில் கையால் மெல்ல எறிந்து சறுக்கிப் பார்க்கலாம். பறக்கவிட, அறுவடை முடிந்த வயல் போன்ற திறந்த இடம் வேண்டும். மின்கம்பியும் சாலையும் கூட்டமும் அருகில் இருக்கக் கூடாது. காற்று அடங்கியிருக்கும் விடியற்காலை நல்லது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 720 கிராம் விமானம் என்ன ஆகும்? ஆடியில் ஒட்டுங்கள், காற்று ஓய்ந்தபின் பறக்கவிடுங்கள்.

சட்டமும் உண்டு. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துள்ளன. 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தின் வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தலைமையாசிரியர் வழியாக முறையாகச் செய்யுங்கள். சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருப்பதால், அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

முதன்முறை, பழக்கமுள்ள ஒருவர் பறக்கவிடட்டும். மாணவர் பக்கத்தில் நின்று கற்கட்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். அப்போது தாழ்ந்திருக்கும் இறக்கையின் பக்கமாகக் குச்சியைத் தள்ளினால் விமானம் நிமிரும் என்ற ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தால் போதும், பல விமானங்கள் பிழைக்கும்.

இவ்வளவு செய்தும் விழலாம். விழுந்தால் பிள்ளைகள் முகம் வாடும். அந்த இடத்தில்தான் ஆசிரியர் வேலை தொடங்குகிறது. நாம் உடனே காரணம் சொல்லிவிடக் கூடாது. துண்டுகளைப் பொறுக்கி மேசையில் அடுக்கச் சொல்லுங்கள். எந்த ஒட்டு விட்டது? மரம் உடைந்ததா, பசை விட்டதா? விழுவதற்கு முன் எந்தப் பக்கம் சாய்ந்தது? குறிப்பேட்டில் அன்று எழுதிய எடை என்ன? பால்சாவின் நல்ல குணம், உடைந்தாலும் ஒட்டலாம். முழுதாக வாங்கிய விமானம் உடைந்தால் பிள்ளைக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. தானே கட்டியது உடைந்தால் ஒவ்வொரு எலும்பும் தெரியும். முதலில் எழுந்த கேள்விக்கு இதுதான் என் பதில்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். 1871-இல் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் ரப்பர் முறுக்கில் ஓடும் மாதிரி விமானத்தைப் பாரிஸ் பூங்கா ஒன்றில் 11 நொடி பறக்கவிட்டார். அவர் வடிவமைத்த, மேலெழும் ரப்பர் பொம்மை ஒன்றை 1878-இல் ஒரு தந்தை தம் இரு சிறுவர்களுக்கு வாங்கி வந்தார். சிறுவர்கள் அது உடையும்வரை விளையாடி, பிறகு தாங்களே அதுபோல் செய்து பார்த்தார்கள். அவர்கள்தான் ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய விமானம் முதலில் பறந்தது 12 நொடி, 120 அடி. மரச்சட்டத்தின் மேல் அவர்கள் போர்த்தியது பருத்தி மஸ்லின் துணி. நம் சென்னையிலும் 1910-இல், ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், கோச்சு வண்டிகள் கட்டிய சிம்சன் நிறுவனத்தில் விமானம் ஒன்றைச் செய்யவைத்துப் பறக்கவிட்டார். வண்டி கட்டியவர்களும் துணி நெய்தவர்களும் இல்லாமல் விமானம் வரவில்லை.

ஆகவே ஒன்று முதல் ஐந்து வரை: பனையோலைக் காற்றாடி. ஓலையை மடித்து, கருவேல முள்ளில் குத்தி, ஓடிப் பார்க்கும் அந்தக் காற்றாடியில் சாய்வும் சுழற்சியும் இருக்கின்றன. காகித விமானத்தின் மூக்கில் ஒரு கிளிப்பைச் செருகி, எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வரை: கையால் எறியும் சறுக்கு விமானம், ரப்பர் முறுக்கு விமானம். வானவில் மன்றச் செயல்பாடுகளோடு இதை எளிதாக இணைக்கலாம். ஒன்பதுக்கு மேல்: ரேடியோ கிட். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி உண்டு என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

நடைமுறையில் சில யோசனைகள். ரேடியோவோடு சேர்த்தால் செலவு பல ஆயிரம் ஆகும், எனவே பள்ளிக்கு ஒரு கிட் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசுங்கள். ஊரில் உள்ள தச்சரையும் நெசவாளரையும் ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். எட்டுப் பேர் கொண்ட குழு, வாரம் இரண்டு பாடவேளை. வரைபடம் பார்ப்பவர், வெட்டுபவர், ஒட்டுபவர், எடை பார்ப்பவர், குறிப்பேடு எழுதுபவர் என்று வேலைகளைப் பிரித்து, வாரந்தோறும் மாற்றுங்கள். மாணவர்கள் வெட்ட, மாணவிகள் எழுத என்று நிலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டு கோணலாக இருந்தாலும் நீங்கள் கையில் வாங்கித் திருத்தாதீர்கள். அளவுகோலைக் கொடுத்து, அளக்கச் சொல்லுங்கள். நாம் முடித்துக் கொடுத்த விமானம் அழகாகப் பறக்கலாம். பிள்ளைக்கு அதில் எதுவும் சேராது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். உங்கள் வகுப்பில் மெல்லக் கற்போர் பட்டியலில் உள்ள பிள்ளைகளில் இருவரையாவது இந்தக் குழுவில் சேருங்கள். அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று மூன்று மாதம் கவனித்துப் பாருங்கள். பிறகு அந்தப் பட்டியலை எடுத்து மறுபடி ஒருமுறை படியுங்கள்.